தணிகாசலம் தலை கொடுத்த கதை

பிளேடை உறையிலிருந்து உருவி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராகப் பிடித்து, டக்கென்று இரண்டாக உடைப்பார் தணிகாசலம். "புதுசு, பாத்துக்கோங்க" என்பார். பாதியைக் கத்தியில் பொருத்திக்கொண்டு, தலையில் தண்ணீரை அள்ளித் தேய்த்து, "குனிங்க, சாமி எங்கியும் ஓடிடாது" என்பார். திருத்தணி மலையடிவாரத்து மொட்டை மண்டபத்தில் ஊர்ப்பட்ட தலைகளை இப்படிக் குனிய வைத்தவர் அவர்.

அவர் தலை மட்டும் குனிந்ததில்லை. அறுபதைத் தாண்டியும் அப்படி ஓர் அடர்த்தி. சாயம் பூசி, பின்னுக்கு வாரி, காதோரம் ஒரு சுருளைத் தற்செயலாக விழுந்ததுபோல் விட்டிருப்பார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் சுவர்க் கண்ணாடியில் அந்தச் சுருளை ஒருமுறை நலம் விசாரிப்பார். பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் மைத்துனன் நாகராஜனுக்கு உச்சி எப்போதோ வெளுத்துவிட்டது. "பாவா, உற்சவருக்குக் கூட இவ்ளோ அலங்காரம் கிடையாது" என்று அவன் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்வான்.

வேண்டுதல் என்பது வழியில் சுருங்கிக்கொண்டே வரும் சரக்கு என்பது தணிகாசலத்தின் கண்டுபிடிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பத்துக்கே மொட்டை என்று வேண்டுவார்கள். காய்ச்சல் இறங்கியதும் ஆண்களுக்கு மட்டும் என்றாகும். பஸ் ஏறும்போது கைக்குழந்தைக்கு மட்டும். இங்கே வந்து உட்கார்ந்தபின் கத்தரிக்கோலைப் பார்த்து, பேருக்கு ஒரு கொத்து மட்டும் நறுக்கும் பூமுடி போதாதா என்று இழுப்பார்கள். ஆந்திரத்திலிருந்து வருகிறவர்கள் 'மூடு கத்தெரலு', மூன்றே நறுக்கு, என்று மூன்று விரலைக் காட்டுவார்கள்.

"பயம் இருக்கசொல்ல தலையே தரேன்றான். பயம் போச்சின்னா ஒவ்வொரு மயிருக்கும் பேரம் பேசிகினு இருக்கான்" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. மூன்று நறுக்கானாலும் மரியாதையாக நறுக்குவார். முழு வழுக்கையோடு ஒருவர் வேண்டுதல் தீர்க்க வந்தபோது, அந்த வெறும் மண்டையிலும் தண்ணீர் தேய்த்துப் பதமாகக் கத்தியை ஓட்டினார். பாக்கி வைக்காமல் கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான் என்று இன்றும் சொல்வார்.

போன கோடையில் அவர் மனைவி பிரபாவதிக்கு இதயத்தில் அடைப்பு. சென்னையில் ஆபரேஷன். கதவுக்கு வெளியே நின்று, அவளைக் கொடுத்துவிடு, என் தலையை எடுத்துக்கொள் என்று தணிகாசலம் வாய்விட்டே வேண்டிக்கொண்டார். அக்காவுக்காகப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த நாகராஜன் காதிலும் அது விழுந்தது.

பிரபாவதி பிழைத்து வந்தாள். ஒருநாள் தானாக எழுந்து காபி கலந்து கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் அவள் கலந்து கொடுத்த காபியெல்லாம் யாரோ கொடுத்த வரம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

ஆனால் தலை? ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓயட்டும் என்றார். ஓய்ந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணம், போட்டோ எடுப்பார்கள், அதுவும் முடியட்டும் என்றார். முடிந்தது. கடைசியில் பிரபாவதியிடமே போய், மீசையைக் கொடுத்தாலும் காணிக்கைதானே என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் வலிக்க, நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்யா, சாமி என் உசுர கொஞ்சமா குடுத்திருந்தா நீ ஒத்துகினு வந்திருப்பியா?"

அவள் நெஞ்சில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, மண்டபத்தில் கூட்டம் சேருமுன், நாகராஜனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவன் ஒன்றும் தெரியாதவன்போல் கத்தரிக்கோலை எடுத்தான்.

"பூமுடியா, பாவா?"

தணிகாசலம் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். உறையைப் பிரித்து, மைத்துனன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, டக்கென்று உடைத்தார். பாதியை அவன் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.