களப்பில் விழுந்த பந்துக்கும் அல்ஹம்துலில்லாஹ்

கோல்ஃப் பை சுமப்பவனுக்குத் தோள்தான் வலிக்கும் என்று நினைக்கிறீர்கள். இல்லை, நாக்குத்தான் வலிக்கும். பெரியவர்களுக்கு முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் வேலையைப் பறிகொடுத்த, அல்லது பறிகொடுக்கப் பயந்துகொண்டிருக்கும் சகோதரர்களே, இது உங்களுக்குத்தான்.

கோமாரிப் பக்கம் ஹோட்டல்காரர்கள் சிலர் ஆறு குழி வெட்டி, புல் வளர்த்து, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்தார்கள். கல்முனையில் எனக்கு வயது போய்விட்டதென்று மீன்பிடித் தோணியிலிருந்து இறக்கிவிட்டிருந்த நேரம் அது. அறுபத்தெட்டு வயதுக்காரனை 'வா' என்று கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். இதுவும் போனால்?

முதல் முறைப்பாடு

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். நல்லது நடந்தாலும் அல்ஹம்துலில்லாஹ், கெட்டது நடந்தாலும் அல்ஹம்துலில்லாஹ்; புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே. தோணி கவிழ்ந்து இரண்டு நாள் ஒரு திருக்கை மீனின் முதுகில் மிதந்தபோதும் இதைத்தான் சொன்னேன். திருக்கையே தலையாட்டியது.

கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரர் விளையாட வந்தார். புத்தம் புதுப் பந்தை ஓங்கி அடித்தார். அது நேரே போய்ப் பக்கத்துக் களப்புத் தண்ணீரில் 'தொபுக்'. என் வாயும் அதே நேரம் அல்ஹம்துலில்லாஹ் என்று திறந்துவிட்டது. அவருக்கு நம்முடைய சொல் விளங்காது. சமையற்காரனிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு, முகம் சிவக்க மனேஜரிடம் போனார். மனேஜர் சாய்ந்தமருது ஊர்ப் பிள்ளை, என் மகன் வயது, என்றாலும் அண்ணன் முறை வைத்து என்னைக் 'காக்கா' என்பார். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காக்கா, அவர்ட பந்து தண்ணிக்குள்ள போனத்துக்கு நீங்க ஏன் அல்லாஹ்வைப் புகழுறீங்க?"

கராம்பு வைத்தியம்

அன்றிலிருந்து வாயில் ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் கராம்பு விழும், விழுந்தால் ஞாபகம் வரும் என்று கணக்கு.

அடுத்து வந்தவர் ஒரு டாக்டர், கல்முனைக்காரர், நம்மவர். அவர் அடித்த பந்து பறந்து போய்க் குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார். காத்திருந்தார். நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு கராம்போடு நின்றேன். பிறகு அந்த ஒரு முழத்தை அவர் மூன்று தரம் தட்டியும் பந்து குழிக்குள் இறங்கவில்லை. மனேஜரின் அறைக்கு நான் போனபோது டாக்டர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்து, என்னைக் கண்டதும் பொரிந்தார்.

"மாஷா அல்லாஹ் எண்டு ஒரு வார்த்த சொல்லாம முழிச்சிப் பார்த்துக் கண்ணூறு பட வச்சிட்டீங்களே, காக்கா!"

வீட்டில் ஒத்திகை

இன்னுமொரு முறைப்பாடு வந்தால் வீட்டுக்குத்தான் என்று மனேஜர் சொல்லிவிட்டார். சொன்னால் ஒருவருக்குக் கோபம், சொல்லாவிட்டால் இன்னொருவருக்குக் கோபம். என்ன நடந்தாலும் ஊமையாக இருக்க வீட்டிலேயே பழகினேன். சாப்பிட்டு எழும்பும்போதும் அல்ஹம்துலில்லாஹ்வை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் மனைவி கறிச்சட்டியை எனக்கு எட்டாமல் இழுத்து வைத்தாள்.

"கறி சரியில்லாட்டிச் சொல்லுங்க, சுகமில்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவம். வேலைய உட்டுட்டு வீட்ட வந்து இரிக்கிற எண்ணம் மட்டும் வேணாம், உங்கட கதையக் கேக்க எனக்கு ரெண்டு காதுதான் இரிக்கி!"

ஏழாவது குழி

வந்து சேர்ந்தது அந்த நாள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, என் வயதிருக்கும். கடைசிக் குழி தென்னைக்குக் கீழே. பந்துக்கும் குழிக்கும் இரண்டடி. அவ குனிந்து, மூச்சைப் பிடித்துக் குறி பார்க்கிறா. மனேஜர் தூரத்தில் நின்று என்னைக் குறி பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து, நொறுங்கிய கராம்பு மூக்கில் ஏறியது. மூக்கைப் பொத்தினேன், ஓதினேன், கண்ணால் தண்ணீர் கொட்டியது. பிறகு தும்மினேன். ஒலுவில் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த போட்டுகள்கூட ஆடியிருக்கும்.

அவவின் கை பதறி, பந்து குழியைத் தாண்டிச் சரிவில் ஓடியது. தும்மினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியே ஆக வேண்டும், சொன்னேன், சத்தமாக. மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். என்னை முறைத்துவிட்டு அவ பந்துக்குப் பின்னால் பத்தடி நடந்திருப்பா. முதுகுக்குப் பின்னால் 'தொம்' என்றது. அவ குனிந்து நின்ற அதே இடத்தில் ஒரு தேங்காய், முழங்கை ஆழத்துக்குப் புதைந்து கிடந்தது. ஆறு குழி மைதானத்துக்கு ஏழாவது குழி விழுந்த விதம் இதுதான். நம்பாதவர்கள் அந்தத் தேங்காயில் சம்பல் இடித்த என் மனைவியிடம் கேட்கலாம்.

அவ தேங்காயைப் பார்த்தா, தென்னையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு மனேஜரிடம் போய் நெடுநேரம் கதைத்தா. நான் பையை இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் பார்த்தேன். மனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காக்கா, அவ போற வரைக்கும் நீங்கதான் பை தூக்கணுமாம், அந்தச் சொல்லையும் சொல்லணுமாம், ஆனா ஒவ்வொரு பந்தும் அடிக்க முதல் தும்மணுமாம்!"

வாயால் போகவிருந்த வேலையை இப்போது சட்டைப் பையில் மிளகுத்தூளோடு மூக்கை நம்பிக் காப்பாற்றி வருகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.