ஆத்தா வராத ஆடி

எங்கள் வீட்டில் அத்தைக்கு இரண்டு விதமான மரியாதை உண்டு. ஆத்தா வந்த நேரத்தில் ஒன்று, வராத நேரத்தில் ஒன்று. வராத நேரத்து மரியாதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் தின்று முடித்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்பாள். தறிகளுக்குப் பின்னால், பழைய பலகைகளும் உடைந்த ராட்டினமும் கிடந்த அறையில் படுத்துக்கொள்வாள். அப்பா அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார், அவள் எதிரிலேயே நின்றிருந்தாலும்.

அத்தை அப்பாவின் தங்கை. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டுப் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. அவளை முசரவாக்கத்துக்கு அப்பால் ஓரிடத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பான். வயிற்றில் பிள்ளையோடு ஒருநாள் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தெரு சிரிக்கும் என்று அப்பா பூவும் பழமும் வாங்கி, வண்டி கட்டி, அவளைத் திரும்ப அனுப்பி வைத்தார். பிள்ளை செத்துப் பிறந்தது. அப்புறம் அவன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். அப்போது நான் தொட்டிலில் கிடந்தேனாம்.

இந்தக் கதையை வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆத்தாதான் சொன்னாள்.

ஆத்தா வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிடும். அம்மா ஓடிப்போய் மணை போடுவாள். அப்பா தறியை விட்டு எழுந்து, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு வந்து நிற்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொள்வார்கள். அத்தை தலைமயிரை விரித்துப் போட்டுச் சுழற்றியபடி, எங்கிருந்தோ வருகிற கட்டைக் குரலில் அப்பாவைப் பார்த்துக் கேட்பாள்.

"போவமாட்டேன்னு அழுதாளேடா ஒருத்தி. வயித்துப் புள்ளையோட வண்டியில ஏத்தி அனுப்புனியே. அவ சொன்னதக் கேட்டியாடா?"

"தப்புதான் தாயே" என்று அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுவார். அத்தை திருநீற்றை அள்ளி அவர் தலையில் கொட்டுவாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காத அத்தை, யாருக்கும் பணியாத அப்பா, இருவரையும் அப்படிப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திருவிழாவில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. மற்ற பெண்களிடம் போய், "எங்க அத்தை மேலதான் ஆத்தா வருது" என்று பீற்றிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். எரிகிற கற்பூரத்தை விழுங்கி அத்தையின் நாக்கெல்லாம் கொப்புளித்திருக்கும். கஞ்சி உள்ளே இறங்காது. கடித்த உதட்டில் ரத்தம் காய்ந்திருக்கும். பலகை அறையில் சுருண்டு கிடப்பாள். விரல்கள் மாத்திரம் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த விரல்களால்தான் அவளுக்கு எங்கள் வீட்டில் சோறு. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். பழைய பாவு தீர்ந்ததும் அதன் ஒவ்வொரு இழை நுனியையும் புதிய பாவின் இழையோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். தலைமயிரைவிட மெல்லிசான பட்டு. நடுங்குகிற கை தொட்டால் அறுந்துபோகும். ஆத்தா வந்துபோன நாட்களில் அந்த வேலை அம்மாவின் தலையில் விழும். மணை போட்டுக் கும்பிட்ட அதே அம்மா, இழை முறுக்கியபடி முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

முதலில் ஆடிக்கு ஆடிதான் ஆத்தா வந்தாள். பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் வரத் தொடங்கினாள். அப்புறம் கிழமையெல்லாம் பார்க்கவில்லை. அத்தை எலும்பும் தோலுமாக ஆனாள். நாடி பார்க்க வந்த வைத்தியர் நீண்ட நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னொரு ஆடி தாங்காது இந்த ஒடம்பு. ஆனா ஆத்தா வர்ற ஒடம்புக்கு நான் மருந்து குடுக்கக்கூடாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் கோடையில் ஒரு மதியம் நான் அவள் பக்கத்தில் சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்த் தறியில் நெய்துகொண்டே அப்பா, புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்துவிட்ட அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "குடுத்த எடத்துல இருக்கறதுதான் பொண்ணுக்கு அழகு. வண்டி கட்டி அனுப்பிட வேண்டியதுதான்" என்றார்.

அத்தையின் கை நின்றது. கால் விரல்கள் மெல்ல மடங்கித் தரையைப் பற்றின. எனக்கு ஒரே குதூகலம், ஆத்தா வரப்போகிறாள் என்று. ஆனால் அத்தை தன் கால்களையே உற்றுப் பார்த்தாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நெற்றி வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்பா அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருந்தார்.

"எப்ப வருதுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றாள் அத்தை தணிந்த குரலில். "மொதல்ல கால்ல வருது. இன்னிக்கி வேணாம்னு நெனச்சேன். நின்னுபோச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆத்தாவயா வேணாம்னு சொன்ன?"

ஓர் இழையை எடுத்து முறுக்கி முடித்தாள். "ஆத்தாவ யாரு கண்ணு வேணாம்னு சொல்லுவாங்க? ஆத்தா கோயில்ல இருக்குது. இது நான்தான். நான்தான் கத்திக்கினு இருக்கறேன்."

கேட்டதற்கே என் கண் அவிந்துவிடும் என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி வந்தது. எங்கள் தெருக் கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. கரகம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். பம்பைக்காரர் அடித்துப் பாட, அத்தைக்கு ஆத்தா வரும். அதற்கு அப்புறம்தான் கோயிலில் கூழ்ப் பானையைத் திறப்பார்கள். முதல் மரியாதை அப்பாவுக்கு. அத்தை வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம்தான். ஆனாலும் ஆதி காலத்திலிருந்து நடப்பதுபோல அப்பா மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அத்தை மஞ்சள் தண்ணீரில் நனைந்து, வேப்பிலையைப் பிடித்தபடி நின்றாள். மற்றொரு கையால் என் கையைத் தேடிப் பிடித்தாள். "கெட்டியா புடிச்சிக்க. நான் சொல்ற வரைக்கும் வுடாத" என்றாள்.

பம்பை முழங்கியது. அத்தையின் உடம்பில் அது இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. தோள் உதறியது. பல் கிட்டிக்கொண்டது. கால் விரல்கள் மண்ணைக் கிளறின. அவளுடைய நகம் என் உள்ளங்கையில் இறங்க, எனக்கு வலி உயிர் போனது. "ஆத்தா வந்துட்டா" என்று ஒரு பெண் குலவையிட்டாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பம்பைக்காரர் சமயபுரத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஆத்தாவைக் கூப்பிட்டு, தொண்டை கட்டிப்போய், கடைசியில் அடிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாமா, வருதா இல்லியா?" என்று கேட்டே விட்டார்.

"இல்லபா" என்றாள் அத்தை. அவளுடைய சொந்தக் குரல். அத்தனை பேர் முன்னால் அந்தக் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை.

நல்லவேளையாகக் கூட்டத்தின் கடைசியில் எண்ணெய்க் கடைக்காரர் மனைவிக்கு வந்துவிட்டது. கரகமும் பம்பையும் ஜனங்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மஞ்சள் துண்டைக் கழற்றிக் கொடுக்கும்படி அப்பாவிடம் ஒருவர் பக்குவமாகச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் யாரும் கூழ் குடிக்கவில்லை, அத்தையைத் தவிர. அவள் ஒரு செம்பு நிறைய வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்ததும் அத்தை குளித்துத் தலை முடிந்துகொண்டு எதிரில் வந்து நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் போவமாட்டேன்னு அழுதேண்ணா" என்றாள் அத்தை. "வயித்துப் புள்ளையோட என்னை வண்டியில ஏத்தி அனுப்புன. நான் சொன்னத நீ கேக்கல."

நான் அப்பாவையே பார்த்தேன். அதே சொற்கள்தானே. அவர் எழுந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து விழப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். தறி மாத்திரம் சற்று நின்றது. அப்பா அறுந்த இழை எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அத்தை காத்திருந்தாள். குறுக்கிழையை இழுத்துக்கொண்டு நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. அப்பா அவளைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"இவளுக்குப் புத்தி பெசகிப் போயிருக்குது. மாகறலுக்கு இட்டுக்கினு போயி வரணும். வண்டிக்குச் சொல்லியனுப்பு."

மாகறல் சாமி தீராத நோயையெல்லாம் தீர்ப்பார் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அம்மாவும் நானும் அத்தையும் போனோம். வழியெல்லாம் அத்தை வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். செய்யாற்றில் இறங்கிக் குளித்தாள். கட்டுச்சோற்றை வயிறாரத் தின்றாள். சந்நிதியில் குருக்கள், "என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டார். அம்மா திருதிருவென்று விழித்தாள்.

"சும்மாவே இருக்கறா சாமி" என்றாள் கடைசியில். "நல்லா தூங்கறா. நல்லா சாப்புடறா. ஆத்தா வர்றதில்ல."

குருக்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விபூதி கொடுத்தார். அத்தை அதைப் பயபக்தியோடு பூசிக்கொண்டாள். திரும்பி வரும்போது அவள் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று அம்மா நினைத்தாள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அது அழுகையாகத்தான் மாறியது.

அப்பா அதற்குப் பிறகு அவளைப் பற்றி அம்மாவிடம்கூடப் பேசவில்லை. காலில் விழுந்து கும்பிட்ட பெண்கள், வாழாவெட்டி முகத்தில் விழிக்கக் கூடாதென்று காலையில் அவள் கோலம் போட வந்தால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தையின் நாக்குப் புண் ஆறிற்று. கன்னத்தில் சதை பிடித்தது. விரல்கள் நடுங்குவது நின்று, நாளெல்லாம் அவள் இழை இணைத்தாள். சில நாட்களில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மெதுவாக அழுவாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வேலையில் உட்காருவாள். எனக்கு அது கேவலமாக இருந்தது. அம்மனாக இருந்தவள் இப்படி ஒரு சாதாரண அழுகை அழுகிறாளே என்று மனம் குமைந்தேன். வைத்தியர் சொன்ன ஆடியை அவள் கடந்துவிட்டாள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ஆடி. கரகம் இப்போது எண்ணெய்க் கடை வாசலில் நின்றது. பம்பைச் சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்பா அன்று காலையில் எதற்கோ என்னை அடித்திருந்தார். எதற்கென்று எனக்கு அப்போதே தெரியாது. தூணோரம் உட்கார்ந்திருந்த நான் பின்னலை அவிழ்த்துவிட்டு மெதுவாகத் தலையைச் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் விளையாட்டாகத்தான். சுற்றச் சுற்றச் சுகமாக இருந்தது. கால் விரல்கள் தானாக மடங்கின. அப்பா ஈரத்துணியோடு வந்து என் முன்னால் விழுவார் என்று தோன்றியது.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அத்தை என்னை அடித்தது அது ஒன்றுதான். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"இன்னா வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

"ஆத்தா வருது" என்றேன் விம்மிக்கொண்டே.

"ஆத்தா இருக்கட்டும். உனக்கு இன்னா வேணும்?"

அப்படி ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டதில்லை. நான் அவளை உதறிவிட்டு அம்மாவிடம் ஓடினேன். தனக்கு வராதது எனக்கும் வரக்கூடாதென்று அத்தைக்குப் பொறாமை என்று சொல்லி அழுதேன். அம்மா என்னை அணைத்துக்கொண்டாள். ஆனால் அத்தையை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அத்தை போய்த் தறியின் முன் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டாள். இழையை எடுத்தாள். அது அறுந்தது. வேறொன்றை எடுத்தாள், அதுவும் அறுந்தது. ஒரு வருஷமாக நடுங்காத விரல்கள் அன்று ஏன் அப்படி நடுங்கின என்று எனக்குத் தெரியவில்லை. ஆத்தாவை விரட்டியதற்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.