பன்னிரண்டாவது ஆளின் கால்

கத்தால்தோ, தென் இத்தாலியில் எங்கள் ஊர் மாதாகோயிலின் கோயில்பிள்ளை. முப்பது வருடமாக மணியடிப்பவன், பீடத்தில் சிந்திய மெழுகைச் சுரண்டுபவன், சமயத்தில் சாமியாருக்கே உத்தரவு போடுபவன். நல்லவன்தான், ஆனால் வீம்பு பிடித்தவன். தாயின் அடக்கத்துக்குத் தம்பி ஒரோன்சோ வடக்கே தோரினோ நகரத்திலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்தான் என்று கதவைச் சாத்தினான். பத்தொன்பது வருடம் ஆயிற்று. தம்பி பேரை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவான். நாங்களும் வாயை மூடிப் பழகிவிட்டோம்.

இந்த வருடம் பெரிய வியாழனுக்கு முன்னால் சாமியார் தொன் சவேரியோவுக்கு முழங்காலில் ஆபரேஷன்; மண்டியிட முடியாது. ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்த மாதிரி அன்றைக்குப் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் வேலை கத்தால்தோவின் தலையில் விழுந்தது. பெருமையாகத்தான் ஒப்புக்கொண்டான். பட்டியலைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பி ஒரு வாரமே ஆகியிருந்த ஒரோன்சோ அதில் கடைசிப் பெயர்.

"பதினோரு பேருக்குக் கழுவுறேன், சாமி."

"யூதாசுக்கே கழுவினாருப்பா ஆண்டவர். உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

எங்கள் ஊரில் வலது காலை மட்டும்தான் நீட்டுவோம். அதையும் காலையிலேயே வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவோம். அழுக்குக் காலை நீட்டினால் ஊர் சிரிக்கும். என் மனைவி என் குதிகாலைக் கல்லால் உரசித் தோலையே எடுத்துவிட்டாள்.

நான் பதினோராவது ஆள். என் காலைத் துடைத்துவிட்டு, கத்தால்தோ மண்டியிட்டபடியே நகர்ந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரோன்சோ இடது காலை நீட்டினான்.

"வலது காலு," என்றான் கத்தால்தோ, பல்லைக் கடித்துக்கொண்டு. "இங்கயுமா உன் திமிரு?"

"இதுதான் இருக்குண்ணே."

ஒரோன்சோ கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக் காட்டினான். வலது ஷூவுக்குள் இருந்தது செயற்கைக் கால். "சர்க்கரை வியாதி. எடுத்து நாலு வருஷமாச்சு."

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

கத்தால்தோ அந்த இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கழுவவும் இல்லை, விடவும் இல்லை. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து பாடியது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஏண்டா எனக்கு ஒருத்தரும் சொல்லல?" என்று என்னைக் கேட்டான்.

ஒரோன்சோதான் பதில் சொன்னான், கோபமே இல்லாமல்.

"ஆபரேஷனுக்கு முந்தி பயந்துபோய் உனக்குத்தாண்ணே கடுதாசி போட்டேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்ட."