ரெடிமேட் பிஎச்பி எனக்கு வேண்டாம்

என் மச்சானின் மாங்கன்றுப் பண்ணைக்கு இன்றைக்கு நான்தான் வெப்சைட் போடுகிறேன். சாயங்காலத்துக்குள் அதில் ஆர்டர் வர வேண்டும் என்றார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகன் போனில், "மாமா, லினக்ஸ்ல வெப்சைட்ட ஓட்டற பிஎச்பி, ஆர்டரச் சேத்து வெக்கற டேட்டாபேஸ் எல்லாம் ரெடிமேடா இருக்குதுங்க. ரெண்டு கமாண்ட் போதுங்க" என்றான்.

"மாப்ள, ஓட்டல் சோத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. சோர்ஸ் கோடுல இருந்து நானே கட்டிக்கறேன்" என்றேன்.

இரண்டையும் கட்டினேன். கம்ப்யூட்டர் விட்ட அனலில் அப்பளம் சுட்டிருக்கலாம். தருமபுரி ஜில்லாவில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை.

பக்கத்தைத் திறந்தால், டேட்டாபேஸ் யாரென்றே பிஎச்பிக்குத் தெரியவில்லை. இரண்டையும் இணைக்கச் சொல்லும் ஒரு வரியைக் கட்டும்போது சேர்க்காமல் விட்டிருக்கிறேன். பெரிய வேலையில் இதெல்லாம் சகஜம்.

"இப்பவாச்சும் பையன் சொல்றதக் கேளுங்க மச்சான்" என்றார் அவன் அப்பா.

"முடியாதுங்க" என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் ஓர் அட்டையில் போன் நம்பரை எழுதி, ஹைவே ஓரம் கட்டிவிட்டு வந்தார். போனில் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. வரட்டும், அத்தனையையும் என் டேட்டாபேஸில்தான் ஏற்றுவேன்.

ரெடிமேட் கட்சிக்காரர்கள் கமெண்டில் வாதாட வரலாம். நிறைய நேரம் இருக்கிறது, பிஎச்பி இன்னும் பாதிகூடக் கட்டி முடியவில்லை.