மிச்சமில்லாத கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வை முப்பத்தாறு வயதில் எழுதினேன். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் எனக்குச் சமையல் வேலை. வார்டன் வேலை காலியானபோது, "பத்தாவது பாஸாகியிருந்தா உனக்கே தந்திருப்பேன்" என்றார் ஹாஸ்டல்காரம்மா. அதனால்தான் பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

கணக்குப் பாடம் எடுத்த மலையாளி, ஓய்வுபெற்ற அதிகாரி. அதை எங்களுக்கு நினைவூட்டாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் பேசியதே கிடையாது; தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதுவார். தெரிந்ததைச் சொல்லித்தருகிறவர் அல்ல, பிரதி எடுக்கிறவர்.

என் பெஞ்சில் விழிஞ்ஞத்து அக்கா. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். ஐம்பது தாண்டியிருக்கும். காலையில் மீன் விற்று முடித்து, குளித்து, இரண்டு பஸ் மாறி வருவார். இந்த வயதில் எதற்குப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம்னவங்க எல்லாரும் செத்தாச்சு. இனி யாரு தடுக்கப்போறா?"

அன்று தகாப் பின்னத்தைக் கலப்புப் பின்னமாக மாற்றும் பாடம். அதிகாரி பலகையில் 23/4 என்று எழுதினார். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகு, ஈவை முன்னால் எழுது, மீதியை மேலே வை, கீழே பழைய எண்ணையே போடு என்று மளமளவென்று சொல்லி, 5 3/4 என்று முடித்தார். ஏன் அப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, "காரணமொந்நும் பரீட்சைக்குச் சோதிக்கில்லா" என்றார்.

அக்கா என் காதில் சொன்னார்: "ஒரு நெய்மீன நாலு துண்டாக்கு. இருபத்துமூணு துண்டு இருந்தா அஞ்சு முழு மீனு, மிச்சம் மூணு துண்டு. அதத்தானே இந்த மனுசன் இவ்வளவு நேரமா சொல்லுதாரு?"

அரை மணி நேரம் புரியாதது ஒரு மூச்சில் புரிந்தது.

அடுத்த கணக்கு 24/4. அதற்கும் அதே முறைப்படி வகுத்து, 6 0/4 என்று எழுதி அடிக்கோடு போட்டார் அதிகாரி. அக்கா எழுந்தார்.

"சாரே, மிச்சம் ஒண்ணும் இல்லல்லா? பின்ன எதுக்கு அந்த சைபரும் நாலும்? ஆறுன்னு மட்டும் எழுதினா போராதா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தவறு என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. முகம் சிவந்தது. அழிக்க ஒரு நொடி போதும். அந்த மனதால் அது முடியவில்லை.

"இது மீன் சந்தையல்லா. இரிக்கு அவிடெ" என்று உட்காரச் சொல்லி, மூக்கைப் பொத்திக் காட்டினார். வகுப்பு சிரித்தது.

நானும் சிரித்தேன். விடைத்தாளைத் திருத்துவது அவரில்லை என்று தெரிந்தும், அவரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து சிரித்தேன்.

அக்கா உட்கார்ந்து, தன் நோட்டில் 6 என்று மட்டும் எழுதினார். அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சுக்கு வந்தார். நான் சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு என் காதில் எந்தக் கணக்கையும் சொல்லித்தரவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது எங்கள் வகுப்பில் கணக்கில் முதலிடம் அக்காவுக்குத்தான். நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். சான்றிதழ் கொடுத்த அன்று அதிகாரி மைக்கைப் பிடித்து, மீன் விற்கும் ஒரு ஸ்திரீக்குக்கூடத் தன்னால் கணக்கு படிப்பிக்க முடிந்தது என்றார். கைதட்டு வேறு வாங்கிக்கொண்டார். கீழே இறங்கியதும், தன்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பஸ்ஸு போயிரும்" என்று சொல்லி, சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார் அக்கா. அதிகாரியின் பக்கத்தில் அவருக்காக விட்டிருந்த இடத்தில், யாரும் கூப்பிடாமலே போய் நின்றுகொண்டேன் நான்.

வார்டன் வேலை மறுபடி காலியானபோது எனக்குக் கிடைத்தது. போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அந்த அதிகாரி எதிர்ப்பட்டார். "ஜோலி கிட்டியல்லே? எல்லாம் ஞான் படிப்பிச்சதல்லே?" என்றார், வேலை கிடைத்ததே தான் படிப்பித்ததால்தான் என்பதுபோல.

"ஆமா சார்" என்றேன். அவர் அற்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த "ஆமா சார்" சொன்னவளை என்னவென்று சொல்வது?