கிறிஸ்துமஸ் சரவெடி

ஒரகடத்தில் என் மகன் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் ஆயுத பூஜைக்குச் சரவெடி கொளுத்தினார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் கை தலைக்குப் போனது.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டைக்குப் போன அப்பா, பட்டாளத்தைவிட்டு ஊருக்கே வந்துவிட்ட பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். எனக்கு எட்டு வயது. காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வரும்போது யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். அப்பா என்னைச் சேற்றில் தள்ளி என்மேல் கவிழ்ந்துகொண்டார்.

"இன்னா மிலிட்டரி, பட்டாசுக்கே பட்த்துக்கினியே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் அப்பா தனியாக வாலாஜாபாத் பஸ் ஏறிவிடுவார்.

அன்று சேற்றில் கிடந்தபோது, வெடி ஓயும்வரை அவருடைய இரண்டு கைகளும் என் தலையைத்தான் மூடியிருந்தன. சிரித்தவர்களிடம் அதை நான் சொல்லவில்லை.