கயிற்றுக்கு உள்ளே

கண் மருத்துவமனையில், வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பது அவள் வேலை. பயத்துக்குப் பேர்போனவள். போன் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுவாள். குக்கரைக்கூட எட்ட நின்றுதான் அணைப்பாள். கூடவே இருந்த நாத்தனார் அவளுக்கு 'நடுக்கம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் ஆலா என்கிற கடற்பறவையின் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கப் போனதும் ஒரு பயத்தால்தான். காலையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சின்ன வெள்ளைப் பறவை ஒன்று கிறீச்சிட்டு அவள் தலைக்கு நேரே பாய்ந்தது. பதறிப் பின்வாங்கிக் குனிந்து பார்த்தால், செருப்பை ஒட்டி வெறும் மணலில் ஒரு சிறு பள்ளம். அதில் புள்ளி போட்ட முட்டைகள், கூழாங்கற்களைப் போலவே. நல்ல வேளை, மிதிக்கவில்லை. ஆனால் 'மிதித்திருந்தால்' என்ற நினைப்பு அன்று முழுக்க அவளைச் சாப்பிட விடவில்லை. நகராட்சியின் கடற்கரை மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தாள். கம்பும் கயிறும் அறிவிப்புப் பலகையும் தரலாம், நிற்கத்தான் ஆளில்லை என்றார் அவர். வேலைக்குப் போகும் முன் நான் நிற்கிறேனே என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டாள்.

கயிற்றைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னால் எல்லோரும் ஒதுங்கித்தான் போனார்கள். ஒருவரைத் தவிர. அவள் குடியிருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்த கான்டிராக்டர். கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாய் வைத்திருந்தார். அதைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ளும்படி அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குக் குளிரெடுத்தது. அன்றிலிருந்து லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பறவைகள் சௌக்கியமா என்று விசாரிப்பார். நாய் அவள் கையை முகர்ந்துகொண்டே நிற்கும். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

குஞ்சுகள் பொரிந்த வாரத்தில் ஒருநாள், வாசற்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடற்கரையில் அவள் நட்டிருந்த கம்புகள், ஈர மணலோடு கதவோரச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பஸ் பணிமனையில் மெக்கானிக்கான அவள் புருஷன் வந்து பார்த்தான்.

"விட்டுடு. மேல்மாடிக்காரனை எல்லாம் நம்மளால எதிர்க்க முடியாது," என்றான்.

அவளுக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் கயிறு இல்லாத மணலில் குழந்தைகள் ஓடுவது கண்முன் வந்தது. கம்புகளை அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

கடற்கரையில் பனிமூட்டம். ஆலாக்கள் கூட்டமாகக் கத்தும் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் நாய் தெரிந்தது. கூடுகளுக்கு நடுவே நின்று மணலை முகர்ந்துகொண்டிருந்தது. தள்ளி, கைகட்டியபடி கான்டிராக்டர்.

ஓடிப்போய் விரட்ட வழியில்லை. ஆபத்து என்றால் குஞ்சுகள் மணலோடு மணலாகப் படுத்துவிடும், இருப்பதே தெரியாது. நாயும் மிரண்டு ஓடினால் என்னாவது? கம்புகளைக் கீழே போட்டாள். செருப்பைக் கழற்றினாள். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, விரலால் மணலைத் தடவிப் பார்த்து, அதன் பிறகே காலை வைத்தாள். பறவைகள் அவள் உச்சந்தலையில் கொத்தின. நாய் தலையைத் தூக்கி உறுமியது.

லிஃப்டில் அவர் அதைக் கூப்பிடுவது ஞாபகம் வந்தது.

"தங்கம், வாடா," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

நாயின் காது அசைந்தது. அவள் நீட்டிய கை அதற்குப் பழகிய வாசனை. நக்கிவிட்டு நின்றது. துப்பட்டாவை அதன் கழுத்துப்பட்டையில் கோத்து, வந்த கால்தடத்திலேயே பின்னோக்கி நடத்திக் கொண்டுவந்தாள்.

"தைரியசாலிதான் நீங்க," என்று நாயை வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டினார்.

"தைரியமெல்லாம் இல்லைங்க. உங்களைப் பார்த்தா ராத்திரி தூக்கமே வர்றதில்ல. இருந்தாலும் நாளைக்கும் இங்கதான் நிப்பேன்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நாயை இழுத்துக்கொண்டு போனார். திருந்திவிட்டாரா என்றால், இல்லை. மேற்பார்வையாளரிடம் அவள் சொல்லி, அவர் காவலர் ஒருவரோடு வீட்டுக்கே போய் எச்சரித்த பிறகுதான் நாய் வேறு பக்கம் நடந்தது.

அன்று மூட்டம் விலகியதும் ஒரு குஞ்சு நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். நாயின் காலா, தன் காலா என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றவை இறக்கை முளைத்து, மழைக்கு முன்பே கடலின் மேல் பறந்து போயின. அடுத்த பருவத்தில் ஆலாக்கள் திரும்பி வந்தபோது கயிறு கட்டப் புருஷனும் கூட வந்தான். மணலின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

"எங்கடி வைக்கிறது?" என்றான்.

"பார்த்து வைங்க," என்றாள். அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது.